போகும் இடம்

குடில்களுக்கெல்லாம் ஒரே சாவி.
கையுறையைக் கழற்றாமல் அதைத் திருப்பப் பழக
எனக்குப் பத்துக் குளிர்காலம் ஆயிற்று.

உள்ளே யாருமில்லை. அதற்காகத்தான் வந்தேன்.
ஹாமர் நகரில் பேருந்து ஓட்டுகிறேன்.
நாளொன்றுக்கு முந்நூறு பேர்
இறங்கும்போது நன்றி சொல்கிறார்கள்,
முந்நூறு முறை கண்ணாடியைப் பார்த்துத் தலையாட்டுகிறேன்.
ஜனவரியில் ஒரு வாரம்
யாருக்கும் தலையாட்டாமல் இருக்க
ரொண்டானே மலைக்கு வருவேன்,
முதுகில் பதினெட்டுக் கிலோ,
காலில் பனிச்சறுக்குக் கட்டைகள்.

அடுப்பருகே பிளந்த விறகு அடுக்கியிருந்தது.
மேலே தீப்பெட்டி,
ஒரு குச்சி மட்டும் பாதி வெளியே நீட்டியபடி,
விறைத்த விரல்களுக்குத் தோதாக.
குடில் நோட்டில் முந்தின நாள் தேதியிட்டு
ஹால்வார் நெஸ்பாக்கன். தனியாக.
போகும் இடம்: க்ரோபுவா.
எதிர்காற்றில் நடப்பவனைப்போல்
முன்னே சாய்ந்த கையெழுத்து.

எனக்குச் சற்று எரிச்சல்.
என் தனிமைக்கு முன்னால் இன்னொருவர் தனிமை
ஒரு நாள் தொலைவில் போய்க்கொண்டிருந்தது.

காலையில் அவர் தடம்.
சுற்றியிருந்த தூள்பனியைக் காற்று தின்றுவிட
கட்டைகள் அழுத்திய இடம் மட்டும்
இரண்டு கோடுகளாக மேலெழுந்து நின்றது,
பள்ளமாய் விழுந்தது தழும்பாய்ப் புடைத்து.
வேண்டாமென்று
பத்தடி தள்ளி என் வழியைப் போட்டேன்.
முழங்கால்வரை இறங்கியது.
அரைமணியில், வெட்கமில்லாமல்,
அவர் தடத்தில் ஏறிக்கொண்டேன்.

பிர்ச் மரங்கள் முடியும் மேட்டில் தடமும் முடிந்தது.
காற்று அழித்திருக்கும்.
தலையைக் குனிந்துகொண்டு
திசைகாட்டி சொன்ன பக்கம் போனேன்.

க்ரோபுவாவின் கதவை மறைத்து
இடுப்பளவு பனி,
யாரும் படுக்காத விரிப்பாக.
மண்வெட்டியை எடுக்கும்போதே தெரிந்துவிட்டது.
இருந்தும் நோட்டைத் திறந்தேன்.
கடைசியாக, கிறிஸ்துமஸுக்கு வந்த ஒரு குடும்பம்.
குழந்தை வரைந்த நரிக்கு ஐந்து கால்.

பனியை உருக்கிக் கொதிக்கவைத்தேன்.
இரண்டு கோப்பை எடுத்தேன்.
ஒன்றைத் திருப்பி வைத்தேன்.
மறுபடி எடுத்தேன்.
தலைவிளக்கைச் சன்னலில் தொங்கவிட்டேன்.
கூரை முனகும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தேன்.
நள்ளிரவில் வெளியே போய்
ஹால்வார் என்று கத்தினேன்.
இரண்டு நாளில் நான் பேசிய முதல் வார்த்தை
முன்பின் தெரியாத ஒருவர் பெயர்.
பள்ளத்தாக்கு அதைத் திருப்பித் தரவில்லை.

விடியுமுன்
அக்குளில் வைத்துச் சூடாக்கிய கைபேசியுடன்
பின்புறக் குன்றில் ஏறினேன்.
பாதி ஏற்றத்தில் கிடைக்காதது
உச்சியில் ஒற்றைக் கோடாகக் கிடைத்தது.
மீட்புநிலையப் பெண் பெயரைக் கேட்டதும்,
"அவரா" என்றாள்.
எனக்கு வயிறு சுருண்டது.
"கடைவாய்ப் பல். கன்னம் பன்றுபோல வீங்கி
நேற்று முன்தினமே மேற்கே இறங்கிவிட்டார்.
சாலைக்கு வந்ததும் எங்களைத்தான் அழைத்தார்,
பல் மருத்துவரைக்கூட அப்புறம்தான்.
க்ரோபுவா என்று எழுதிவிட்டேன்,
பின்னால் யாராவது வந்தால் பயந்துபோவார்கள் என்றார்."

பின்னால் யாராவது.
நான்தான் அது.

போனை வைத்துவிட்டு
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன்,
உரக்க, இரண்டு முறை, சந்தோஷமாக.
காற்று எதையும் அழித்திருக்கவில்லை.
அந்த மேட்டில் அவர் இடதுபக்கம் திரும்பியிருக்கிறார்,
நான் தலைநிமிர்ந்து பார்க்கவில்லை.

நரிக்குக் கீழே எழுதினேன்:
ஹால்வார் நெஸ்பாக்கன். வரவில்லை. பல்வலி.
அதற்குக் கீழே
தூருன் ஹெக்னே. தனியாக.
போகும் இடம் என்ற கட்டத்தில்
வழக்கமாகக் கிறுக்குவேன்.
இம்முறை, பென்சிலை வாயருகே பிடித்துச் சூடாக்கி,
ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன்.

பிறகு இரண்டு கோப்பைகளையும் கழுவித் துடைத்தேன்.
ஒன்றில் எதுவும் ஊற்றியிருக்கவில்லை.